கல் பங்களாவும் கலெக்டர் சல்லிவனும்

மனிதன் எங்குச் சென்றாலும் தன் ஊரை நெஞ்சில் சுமந்துகொண்டே செல்கிறான். பிழைப்புக்காகக் கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்ற நம் நெல்லைச் சீமை மக்கள் அங்கும் ஓர் அம்மன் கோவிலைக் கட்டினர்; ஒரு வேப்பமரத்தை நட்டனர்; தை மாதத்தில் பொங்கல் வைத்தனர். அதுபோலவே, ஆட்சி செய்ய வந்த ஆங்கிலேயரும் தம் ஊரை நினைத்து ஏங்கினர். அவ்வேக்கத்தில் விளைந்ததே உதகமண்டலம். அந்நகரை உண்டாக்கிய ஜான் சல்லிவன் என்பாரின் வாழ்க்கையையும், அவர் எழுப்பிய கல் பங்களாவின் வரலாற்றையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரலைச் சேர்ந்த எனக்கும் நீலகிரிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவலாம். எங்கள் ஊரில் தாமிரபரணி உண்டு, வாழை உண்டு, நெல் உண்டு. பக்கத்து ஆத்தூரில் வெற்றிலை உண்டு. ஆனால் ஏரல் கடைத்தெருவில் கத்தரிக்காயும் சுரைக்காயும் நாட்டுக்காய் என்று ஒருபுறமும், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் காரட்டும் பீட்ரூட்டும் இங்கிலீஷ் காய் என்று மறுபுறமும் இருப்பதைச் சிறுவயது முதலே கண்டிருக்கிறேன். ஆங்கிலேயர் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அக்காய்களுக்கு இங்கிலீஷ் என்னும் அடைமொழி ஏன் போகவில்லை என்ற கேள்வி எனக்குள் எழுந்ததுண்டு. வரலாறு படிக்க வந்த பின்னரே அதற்கு விடை கிடைத்தது. அவ்விடையைத் தேடிச் சென்றபோதுதான் சல்லிவன் துரையைச் சந்தித்தேன்.

இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகள்

சல்லிவனை அறிந்துகொள்ள, முதலில் அவர் பிறந்த நாட்டின் பண்ணை மாளிகைகளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டில் எட்டயபுரம், சிங்கம்பட்டி முதலிய ஊர்களில் ஜமீன் அரண்மனைகள் இருந்தமை போல, இங்கிலாந்திலும் இடைக்காலம் முதல் பெருநிலக்கிழார்களின் மாளிகைகள் இருந்தன. சுற்றுவட்ட நிலமெல்லாம் அவர்க்கு உரியது. உழுவோர் அவர்க்குக் குடிகள். மாளிகையைச் சுற்றிப் புல்வெளி, பழத்தோட்டம், மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம், ஓக் மரங்கள், ஒரு நீர்நிலை ஆகியவை அமைந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரௌன் என்னும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் ஓடைகளை மறித்து ஏரிகளை உண்டாக்கியும், புல்வெளிகளை அலையலையாக அமைத்தும், மனிதன் செய்தது என்றே தோன்றாதவாறு தோட்டங்களைப் படைத்தார்.

இத்தகைய மாளிகை ஒன்றைப் பெறுவதே அக்காலத்து ஆங்கிலேய இளைஞர் பலரின் கனவாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பொருள் ஈட்டித் திரும்பி, நிலம் வாங்கி மாளிகை கட்டியோர் பலர். சல்லிவனும் கம்பெனியில்தான் சேர்ந்தார். ஆனால் அவர் தம் மாளிகையைத் தேம்ஸ் நதிக்கரையில் கட்டவில்லை. கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில், தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் கட்டினார். இங்குதான் அவருடைய வரலாறு மற்றவர் வரலாற்றிலிருந்து வேறுபடுகிறது.

இளமையும் பதவியும்

ஜான் சல்லிவன் 1788ஆம் ஆண்டு சூன் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். 1804ஆம் ஆண்டு, இன்றைய பள்ளி இறுதி வகுப்பு மாணவனின் வயதில், கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னையிலும் மைசூரிலும் பிற இடங்களிலும் பணிபுரிந்து ஆட்சிமுறையைக் கற்றார். 1815ஆம் ஆண்டு கோயம்புத்தூர்க் கலெக்டராக அமர்ந்தார். அப்போது அவர்க்கு வயது 27. 1830 வரை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், அம்மாவட்டமே அவருடைய களமாயிற்று.

நீலகிரி அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அம்மலை கம்பெனியார் கைக்கு வந்தது. கைக்கு வந்ததே தவிர, மேலே என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறியவில்லை. அடிவாரக் காடுகளில் கொடிய காய்ச்சல் நிலவியது. 1812ஆம் ஆண்டில் நில அளவையாளர் கீஸ், மக்மஹான் ஆகிய இருவர் மேலே சென்று வந்தனர். அவர்தம் அறிக்கையைப் பொருட்படுத்துவார் இல்லை. 1818ஆம் ஆண்டில் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இளம் அதிகாரிகள் இருவர் மலையேறினர். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திச் சென்றனர் என்றும், வேட்டைக்குச் சென்றனர் என்றும் கதைகள் உண்டு. அவர்கள் திரும்பி வந்து, மேலே குளிர்ந்த காற்றும் பசும்புல்வெளியும் உள்ளன என்று கூறியபோது, கலெக்டரின் உள்ளத்தில் ஆவல் மூண்டது.

மலையேற்றம்

1819ஆம் ஆண்டு சனவரித் திங்களின் தொடக்கத்தில், பவானியாற்றங்கரையில் உள்ள சிறுமுகைப் பக்கத்திலிருந்து சல்லிவன் தம் குழுவினருடன் புறப்பட்டார். பாதை இல்லை. செங்குத்தான சரிவுகள். பல நாள் துன்பத்திற்குப் பின் கோத்தகிரிப் பகுதியின் மேட்டுநிலத்தை அடைந்தனர். கீழே கோவையின் வெயிலில் வாடியவர்க்கு, மேலே காலையில் புல்நுனியில் உறைபனி கண்டபோது எத்தகைய வியப்பு ஏற்பட்டிருக்கும்! தம் தாய்நாட்டிற்கே திரும்பிவிட்டதாக அவர் எண்ணியதில் வியப்பில்லை.

அவ்வாண்டிலேயே கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கு என்னும் இடத்தில் ஒரு பங்களாவைக் கட்டத் தொடங்கினார். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அதுவே. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அவ்வீடு, பிற்காலத்தில் புதுப்பிக்கப்பெற்று நினைவில்லமாக விளங்குகிறது. அதே 1819ஆம் ஆண்டில் லெஷெனோ என்னும் பிரெஞ்சு நாட்டுத் தாவர அறிஞர் நோயுற்று மெலிந்த உடலுடன் மலைக்கு வந்து, சில நாளிலேயே நலம் பெற்றார். மலையின் தட்பவெப்பம் மருந்தினும் சிறந்தது என்னும் செய்தி எங்கும் பரவியது.

இதற்கு முன்பே நம் நெல்லைச் சீமையில் குற்றாலம் அத்தகைய இடமாக இருந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். சாரல் காலத்தில் கம்பெனி அதிகாரிகள் குற்றாலத்தில் தங்கினர். சாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்களுக்கு அங்குத் தோட்டங்களும் அமைத்தனர். ஆனால் குற்றாலச் சாரல் சில திங்களே நீடிக்கும். நீலகிரியின் குளிரோ ஆண்டு முழுதும் உண்டு. ஆகவே கம்பெனியாரின் கண்கள் நீலகிரியின் பக்கம் திரும்பின.

மலைக்குப் பாதை வேண்டும் அன்றோ? சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வரை பாதை அமைக்கும் பணி மக்பெர்சன் என்னும் படைத்துறை அதிகாரியின் மேற்பார்வையில் நடைபெற்று 1823ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. பாறையை உடைத்தவர்களும் மண்ணைச் சுமந்தவர்களும் நம்மவர்களே. சிறைக் கைதிகளும் அவர்களுள் அடங்குவர். அதிகாரியின் பெயர் வரலாற்றில் உள்ளது. அவர்களுடைய பெயர்கள் இல்லை.

கல் பங்களா எழுந்தது

கோத்தகிரியோடு சல்லிவன் நிற்கவில்லை. மேற்கே சென்று, தொட்டபெட்டா மலையின் அடியில் விரிந்து கிடந்த பள்ளத்தாக்கைக் கண்டார். அங்கே தோடர் குடியிருப்பு ஒன்று இருந்தது. தோடர் தம் குடியிருப்பை மந்து என்பர். உதகமண்டலம் என்னும் பெயரிலும் அச்சொல் மறைந்து நிற்கிறது. வளைந்த கூரையும், தவழ்ந்து நுழையத்தக்க சிறு வாயிலும் உடைய வீடுகள். எருமைப் பால் கறந்து வைக்கும் புனிதமான பால்மனை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம். இவையே ஒரு மந்து.

அந்நிலத்தைச் சல்லிவன் தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்னும் விலைக்கு வாங்கினார். 1822ஆம் ஆண்டில் தம் வீட்டைக் கட்டத் தொடங்கினார். கல்லால் ஆன சுவர்களைக் கண்ட மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்று அழைத்தனர். ஆங்கிலத்திலும் அதே பொருளில் ஸ்டோன் ஹவுஸ் என்று பெயர் அமைந்தது. உதகையின் முதல் பங்களா அதுவே. அது நின்ற குன்றும் அப்பெயராலேயே வழங்கலாயிற்று.

1820ஆம் ஆண்டில் சல்லிவன் ஹென்றியெட்டா ஹாரிங்டன் என்னும் மங்கையை மணந்திருந்தார். அப்பெருமாட்டியும் கணவருடன் மலையேறினார். நீலகிரியில் வாழ வந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே என்பர். அண்டை வீடு இல்லை, மருத்துவமனை இல்லை, கடை இல்லை. அந்நிலையில் கைக்குழந்தைகளுடன் அம்மலையில் இல்லறம் நடத்திய அவருடைய துணிவு, கணவரின் துணிவிற்குச் சிறிதும் குறைந்ததன்று.

வீட்டைச் சுற்றித் தோட்டம் எழுந்தது. ஜான்சன் என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரர் வரவழைக்கப்பட்டார். ஆப்பிள், பீச் மரங்கள், ஸ்டிராபெரிச் செடிகள், பூச்செடிகளின் விதைகள், உருளைக்கிழங்கு, கோசு முதலிய காய்கறிகள், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றைச் சல்லிவன் முயன்று பயிரிட்டார். தம் வீட்டு முற்றத்தில் ஓக் மரத்தையும் நட்டார். அது சல்லிவன் ஓக் என்றே பெயர் பெற்றது. இன்று நம் வீட்டு அடுப்படியில் பூரிக்கு உருளைக்கிழங்கு மசால் கிண்டும்போது, அக்கிழங்கின் மலைப்பயணம் இத்தோட்டத்தில் தொடங்கியது என்று எத்தனை பேர் எண்ணுகிறோம்? மலைமக்களாகிய படகர் இப்பயிர்களைக் கற்று, தம் உழைப்பால் பெருக்கினர். அவர்கள் கைபடாதிருந்தால் இங்கிலீஷ் காய் துரைமார் தோட்டத்தோடு நின்றிருக்கும். ஏரல் கடைத்தெரு வரை வந்திராது.

1823 முதல் 1825 வரை பள்ளத்தாக்கின் ஓடைகளை மறித்து ஓர் ஏரியையும் உருவாக்கினார். பிரௌனின் தோட்டங்களில் ஏரி அழகிற்காக அமைந்தது. ஆனால் சல்லிவன் ஒரு கலெக்டர் அல்லவா? மலையில் தேக்கும் நீரைக் கீழே சமவெளியின் பாசனத்திற்குப் பயன்படுத்தலாம் என்று அவர் கருதினார். அவருடைய காலத்து ஏரி இன்றுள்ளதைவிடப் பெரிது. பின்னாளில் அதன் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுக் குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் அமைந்தன.

1826ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார். ரயத்துவாரி முறையால் நாம் நன்கறிந்த அதே மன்றோதான். அவருடைய ஆதரவு சல்லிவனுக்கு முழுமையாக இருந்தது. அந்நாள்களே கல் பங்களாவின் பொற்காலம் எனலாம். ஆனால் 1827ஆம் ஆண்டில் மன்றோ காலராவால் இறந்தார். சல்லிவனின் நல்ல காலமும் அத்துடன் முடிந்தது.

நெல்லை அறிந்த ஒரு பெயர்

மன்றோவிற்குப் பின் ஆளுநராக வந்தவர் ஸ்டீபன் ரம்போல்ட் லூஷிங்டன். இப்பெயரைக் கேட்டதும் நெல்லை மாவட்ட மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவர். ஆம், கட்டபொம்மன் வரலாற்றில் வரும் அதே லூஷிங்டன் துரைதான். 1799ஆம் ஆண்டு பாளையக்காரரிடம் கிஸ்தி வசூலிக்கும் கலெக்டராக நம் சீமையில் இருந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது இப்பகுதியின் வருவாய் ஆட்சி அவரிடமே இருந்தது. இங்கிலாந்து சென்று பாராளுமன்ற உறுப்பினராகி, 1827இல் ஆளுநராகத் திரும்பி வந்தார்.

லூஷிங்டனும் நீலகிரியை விரும்பியவரே. குன்னூர் வழியாக மலைப்பாதை அமைய அவரே காரணர். புனித ஸ்டீபன் ஆலயத்திற்கு 1829ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டுவித்தவரும் அவரே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனை மரங்கள் அவ்வாலயத்திற்குத் தூண்களும் உத்திரங்களும் ஆயின. ஆனால் மலையை எவ்வாறு ஆள்வது என்பதில் அவர்க்கும் சல்லிவனுக்கும் கருத்து மாறுபட்டது. நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர் தங்கும் இடமாகவே உதகையை ஆளுநர் கண்டார். அதனைப் படைத்துறை அதிகாரியின் கீழ்க் கொண்டுவந்தார். 1830ஆம் ஆண்டில் நீலகிரியின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்தார். தாம் உண்டாக்கிய ஊர் தம் கையைவிட்டுப் போவதைச் சல்லிவன் கண்ணெதிரே கண்டார். அவ்வாண்டிலேயே கோவையை விட்டு நீங்கி இங்கிலாந்து சென்றார். பிரிக்கப்பட்ட பகுதி 1843ஆம் ஆண்டில்தான் மீண்டும் கோயம்புத்தூருடன் இணைந்தது.

மண் யாருக்கு உரியது?

இருவர்க்கும் இடையே இருந்த பூசல் தனிமனிதப் பூசல் மட்டும் அன்று. அதன் அடியில் ஒரு பெருங்கேள்வி இருந்தது. நீலகிரி மண் யாருக்கு உரியது?

தோடர் உழுவதில்லை, வேலி கட்டுவதில்லை, பத்திரம் எழுதுவதில்லை. எருமைகளை மேய்த்துக் காலங்காலமாக அங்கு வாழ்ந்தனர். ஆகவே அவர்க்கு மேய்க்கும் உரிமை மட்டுமே உண்டு, மண் அரசுக்கே உரியது என்பது லூஷிங்டன் போன்றோரின் கட்சி. சல்லிவனோ, தோடரே அம்மலையின் முழு உரிமையாளர், அவர்தம் இசைவின்றியும் விலை கொடாமலும் ஓரடி நிலத்தையும் எடுத்தல் ஆகாது என்று வாதாடினார். அரசாங்கம் எடுத்துக்கொண்ட நிலத்திற்கு அவர்க்கு இழப்பீடு தரவேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

ஈண்டு நாம் சற்று நிதானிக்க வேண்டும். இதனைக் கொண்டே சல்லிவனை வள்ளல் என்று போற்றிவிடலாகாது. உதகையில் மற்றெந்த ஐரோப்பியரைக் காட்டிலும் மிகுதியான நிலம் அவரிடம்தான் இருந்தது. கலெக்டர் பதவியில் இருந்துகொண்டே தம் பெயரில் நிலம் சேர்த்தார் என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. அக்குறையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கலெக்டர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லும் வலிமை ஒரு மந்தைக்காரனுக்கு எங்கிருந்து வரும்? ஏக்கர் ஒரு ரூபாய் என்பது விலையா, அல்லது விலை என்னும் பெயரில் ஒரு சடங்கா? மேலும், தோடர் உரிமையாளர் என்றால்தான் அவர்களிடம் வாங்கிய சல்லிவனின் கிரயமும் செல்லும். தோடரின் நியாயமும் சல்லிவனின் நலனும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். நியாயம் தன் நலனோடு சேர்ந்து வந்தாலும் அது நியாயம்தான். அக்காலத்து அதிகாரிகளில் பெரும்பாலோர் மேய்ச்சல் நிலத்தைக் கண்டு அது யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் என்றே எண்ணினர். வேலி இல்லாத நிலத்திற்கும் உடையவர் உண்டு என்று கோப்பில் எழுதிய கலெக்டர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சல்லிவன். முடிவில் வென்றது அவர் கட்சி அன்று. மேய்ச்சல் உரிமை மட்டுமே தோடர்க்கு, மண் அரசுக்கு என்னும் கொள்கையே நிலைபெற்றது. அதன் பின்னர்ப் புல்வெளிகள் தோட்டங்களாகவும் தைல மரக் காடுகளாகவும் மாறியதை நாம் அறிவோம்.

நம் கிராமங்களிலும் மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒரு நிலம் உண்டு. பட்டா யார் பெயரிலும் இராது. ஆனால் ஊரில் உள்ள ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுவே தாய்மடி. யார் பெயரிலும் இல்லாததால் அதற்கு ஆபத்து வரும்போது கேட்பாரும் இரார். தோடர் பட்ட துன்பத்தைப் புரிந்துகொள்ள நாம் நீலகிரி வரை போக வேண்டியதில்லை. நம் ஊரின் எல்லை வரை நடந்தால் போதும்.

துயரமும் விடைபெறலும்

சில ஆண்டுகளுக்குப் பின் சல்லிவன் மீண்டும் இந்தியா வந்தார். சென்னையில் வருவாய் வாரியத்திலும் ஆளுநரின் ஆலோசனைச் சபையிலும் உயர்ந்த இடம் பெற்றார். பதவி உயர்ந்தது, வாழ்வோ சரிந்தது. 1838ஆம் ஆண்டில் அவருடைய மகள் ஹாரியட் இறந்தார். சில வார இடைவெளியில் மனைவி ஹென்றியெட்டாவும் இறந்தார். தாயும் மகளும் உதகையில் புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். நோயாளிகளுக்கு நலம் தரும் மலை என்று அவர் உலகிற்குக் காட்டிய அதே மலையில், தம் அன்பிற்குரிய இருவரையும் மண்ணிற்கு ஒப்படைத்தார். அவர்கள் துயில்வது லூஷிங்டன் எழுப்பிய ஆலயத்தின் நிழலில் என்பதும் காலத்தின் விந்தையே.

1841ஆம் ஆண்டில் சல்லிவன் ஓய்வு பெற்று இந்தியாவை விட்டு நீங்கினார். திரும்பி வரவே இல்லை. ஆனால் இந்தியாவை மறக்கவும் இல்லை. ஓய்வுச் சம்பளம் பெற்றுக்கொண்டு வாய்மூடி இருந்த பலரைப் போல அவர் இருக்கவில்லை. கம்பெனியின் பங்குதாரர் கூட்டங்களில் எழுந்து, சதாரா அரசர்க்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்தார். உடன்படிக்கைகளை மீறி இந்திய அரசுகளைக் கம்பெனி விழுங்குவது தகாது என்று 1853ஆம் ஆண்டில் நூல் எழுதி வெளியிட்டார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்திற்கு வடிந்துபோவதையும், உயர்ந்த பதவிகள் இந்தியர்க்கு மறுக்கப்படுவதையும் எடுத்துக்காட்டினார். தாதாபாய் நௌரோஜி செல்வச் சுரண்டல் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னரே, கம்பெனியின் சோற்றை உண்டு வளர்ந்த ஒருவர் அதனை ஒப்புக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள் ஜான் சல்லிவன் மறைந்தார். இங்கிலாந்தில் ஸ்லவ் நகரைச் சார்ந்த அப்டன் என்னும் இடத்தில் உள்ள புனித லாரன்சு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். யுரேனசைக் கண்டறிந்த வானியல் அறிஞர் ஹெர்ஷலின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. ஹெர்ஷலைத் தேடிப் பலர் சென்றனர். சல்லிவனின் கல்லறையோ நெடுங்காலம் எவரும் அறியாது கிடந்தது. 2009ஆம் ஆண்டில்தான் அது அடையாளம் காணப்பட்டது.

இங்கு ஒரு ஒப்பீடு என் நினைவிற்கு வருகிறது. நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1891ஆம் ஆண்டு கோடைக்கானலில் உயிர் துறந்தார். மலையில் இறந்த அவருடைய உடல் மலையிறங்கி, தேரிக்காட்டு இடையன்குடிக்கே வந்து சேர்ந்தது. சல்லிவன் நேசித்தது மலையை. அவர் உடல் கிடப்பது கடல் கடந்த ஊரில். அவர் மனைவியும் மகளும் இங்கே, அவர் அங்கே.

பங்களாவின் பிற்கால வரலாறு

உரிமையாளர் போனபின்னும் கல் பங்களா நின்றது. 1848ஆம் ஆண்டில் மக்ஐவர் என்பார் உதகையில் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். தனியொருவர் தோட்டத்தில் தொடங்கிய கலை, 22 எக்டர் பரப்புள்ள பொதுப் பூங்காவாக வளர்ந்தது. 1870ஆம் ஆண்டை அடுத்து உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. கல் பங்களாவும் விரிவாக்கப்பெற்று அரசாங்கச் செயலகமாக மாறியது. கோடையில் சென்னையிலிருந்து கோப்புகள் மலையேறின. நெல்லைச் சீமையின் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் உரிய ஆணைகளும் அக்குளிரில் கையெழுத்தாகியிருக்கும்.

நாடு விடுதலை பெற்றது. 1955ஆம் ஆண்டில் அக்குன்றில் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கல் பங்களா கல்லூரிக்கு உரியதாகி, முதல்வரின் இல்லமாயிற்று. துரைமார் நடந்த முற்றத்தில் படகர் வீட்டுப் பிள்ளைகளும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் புத்தகம் ஏந்தி நடந்தனர். நம் கல்லூரியைப் போன்றே அதுவும் ஓர் அரசு கலைக் கல்லூரி என்பதை எண்ணும்போது, அக்கட்டடத்தின் மேல் நமக்கும் ஒரு சொந்தம் தோன்றுகிறது. இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகள் பலவற்றைச் சீமான்களின் வாரிசுகள் பேண இயலாமல் கைவிட்டனர். கல் பங்களா கல்விக்கூடத்தோடு சேர்ந்ததால் வாழ்கிறது.

2022ஆம் ஆண்டு உதகை நகரின் 200ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பெற்றது. சல்லிவனுக்கு அங்குச் சிலையும் நிறுவப்பெற்றது. அது தகும். ஆனால் தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் இன்றும் ஒரு தோடர் மந்து உள்ளது. பூங்காவிற்கு வருவோரில் சிலரே அவ்வளவு தூரம் ஏறுகின்றனர். நகரின் வயது 200 என்றால் மந்தின் வயது என்ன? சிலைக்கு மாலை இடும் கைகள் அக்கேள்வியையும் கேட்க வேண்டும்.

முடிவுரை

ஏரல்வாசியாகிய நான் இவ்வரலாற்றைப் படித்து முடித்தபோது என் நினைவு எங்கள் ஆற்றின் பக்கம் திரும்பியது. பொதிகையின் சோலைக்காடும் புல்லும் மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவதால்தான் தாமிரபரணி வற்றாத ஆறாயிற்று. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைக் கடந்து எங்கள் ஊருக்கு வரும் நீர், ஆற்றின் கடைசி நீர். மேலே மலையில் நிகழ்வது கீழே கடைமடையில் தெரியும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வரலாறு காணாத மழை பெய்து ஆறு ஊருக்குள் புகுந்தது. பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்து ஏரல் தனித்து நின்றது. அன்று முதல், மலை வேறு நாம் வேறு என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நீலகிரியின் புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணி வேற்று மரங்களை நட்டவர்கள், அப்புல்லே நீரைக் காத்தது என்பதை அறியவில்லை. இன்று அம்மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சி அங்கு நடைபெறுகிறது. எருமை மேய்த்த தோடர் அறிந்திருந்ததை நாம் நூறாண்டு கழித்துக் கற்கிறோம்.

ஜான் சல்லிவன் குற்றமற்றவர் அல்லர், கொடியவரும் அல்லர். பிறர் நிலத்தில் தம் ஊரை நட்டார். நட்டபின், அந்நிலம் பிறருடையது என்பதை மறுக்காமல் இறுதிவரை ஒப்புக்கொண்டார். ஆள வந்தவருள் அவ்வளவு செய்தவரும் சிலரே. நாளை நம்மில் சிலர் அதிகாரிகள் ஆவோம். நிலம் பற்றிய கோப்புகள் நம் மேசைக்கும் வரும். அப்போது பத்திரம் இல்லாதவரும் பட்டா பெறாதவரும் நம் முன் வந்து நிற்பர். வேலி இல்லை என்பதால் உடையவர் இல்லை என்று எழுதாதிருப்போமாயின், கல் பங்களாவின் வரலாற்றைப் படித்த பயன் நமக்குக் கிட்டியது என்று கொள்ளலாம்.